கணவாய் திறந்துவிட்டதா

ஒரே கேள்விதான்.
மே பிறந்ததும் என் தொலைபேசிக்குள்
ஊர் ஊராக வந்து குந்திக்கொள்கிறது:
அபானோ கணவாய் திறந்துவிட்டதா?

திறந்தது, அல்லது இல்லை.
அதைச் சொல்ல இணையத்தில் ஒரு பக்கம் போதும்.
கீழே எட்டு டெலிகா ஓட்டுநர்களின் எண்கள்,
நாய்க்கும் இருக்கைக் கட்டணம் உண்டு என்று ஒரு வரி.
இவ்வளவுக்காக
மார்ச் முழுக்க உட்கார்ந்தோம்,
நானும், சங்கக் கணக்கு எழுதும் லமாராவும்,
அடுப்பருகே காலுறை காயப்போட்டபடி வாஷாவும்.

முதலில் பார்த்த கடை கொள்ளை அழகு.
இழு, விடு, பக்கம் எழும்பிவிடும் என்றது.
இழுத்தோம். விட்டோம்.
யாரோ ஒருவர் நாட்டுப் பனிமலை
கேட்காமலே வந்து உட்கார்ந்தது.
அதன்மேல் எங்கள் எழுத்தில் தலைப்பை அடித்தேன்.
வளைந்து வளைந்து போகும் எழுத்து எங்களுடையது,
ஓமாலோ சாலையைப் போல.
திரையில் கட்டம் கட்டமாக நின்றது,
குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டு ஜன்னல்கள்.
எழுத்துரு பிறகு வரும் என்றது உதவிப் பெட்டி.
பிறகு என்பது எத்தனை கிலோமீட்டர் என்று
வாஷா கேட்டான். அதற்குப் பதில் இல்லை.

இலவசமாகவும் ஒன்று இருந்தது.
தானம் வந்த மாட்டையும்
பல்லைப் பிடித்துப் பார்ப்பவள் லமாரா.
பார்த்தாள்.
'சாலை மூடியுள்ளது' என்ற வரிக்கு அடியில்
இடுப்பு மெலியத் தேநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.
கணவாயின் அடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு.
அந்த ஒரு கோட்டில்
தேநீர் மூச்சிரைக்க ஏறி முடிக்க நான்கு நிமிடம்,
எங்கள் சொல் அதற்குப் பின்னால் வரிசையில்.

என் கணினியிலேயே ஓடட்டுமே அத்தை, செலவே இல்லை
என்றான் லமாராவின் மருமகன் பேகா, தெலாவியிலிருந்து.
ஓடியது, அவன் கட்டிலுக்கடியில், ஒன்பது நாள்.
பத்தாம் நாள் அவன் காதலி
தூசி உறிஞ்சியைச் செருக ஓர் இடம் தேடினாள்.
கணவாய் மறைந்துபோனது.

சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது.
ஏனென்றால் எங்களுக்கு முன்பே ஒரு பக்கம் இருந்தது.
கேலா கட்டியது. முகவரி அவன் பெயரில்,
கடவுச்சொல் அவன் தலையில்.
போலந்துக்கு லாரி ஓட்டப் போனபோது
இரண்டையும் கொண்டுபோய்விட்டான்.
வேண்டுமென்றல்ல. மறதிதான்.
அந்த செப்டம்பரில் மண் சரிந்தது.
பக்கமோ 'திறந்துள்ளது' என்றே
புன்னகைத்துக்கொண்டிருந்தது.
நம்பி ஏறிய இருவர், கைக்குழந்தையோடு,
ஓடைப் பக்கம் காருக்குள் ஓர் இரவு.
காலையில் வாஷாதான் கண்டான்.
குழந்தைக்கு ஒன்றுமில்லை.
அந்தப் பெண் திட்டவில்லை,
செல்பேசியை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

அதனால் இம்முறை அழகை விசாரிக்கவில்லை.
எல்லாக் கடைக்கும் ஒரே கடிதம் எழுதினேன்:
நாளை நாங்கள் கிளம்ப நினைத்தால்
எங்கள் சரக்கை எடுத்துக்கொண்டு போகலாமா?
ஒருவர் விலைப்பட்டியல் அனுப்பினார்.
ஒருவர் வாழ்த்து அனுப்பினார்.
ஒரு சின்ன இடம் மட்டும், இரவு பதினொன்றுக்கு,
'ஒரே கோப்புதானே, எடுத்துப் போங்கள்' என்றது.

மாதம் ஒரு பயணியின் கட்டணத்தில் பாதி.
படம் இல்லை. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து.
பார்க்க மின்வெட்டு அறிவிப்பு போலிருக்கிறது
என்று மற்ற ஓட்டுநர்களுக்கு வருத்தம்தான்.
ஒரு கோட்டில் வந்துவிடுகிறது, இமைப்பதற்குள்.
முகவரி சங்கத்தின் பெயரில்.
கடவுச்சொல் லமாராவின் கணக்கேட்டில் பின்னட்டையில்,
வாஷாவின் வண்டியில் சூரியத் தடுப்புக்குப் பின்னால்,
இன்னோர் இடத்திலும். அதைச் சொல்வதற்கில்லை.

ஜூன் ஆறு. பனி வெட்டும் இயந்திரத்தின் பின்னாலேயே போன வாஷா
உச்சியிலிருந்து கத்தினான்.
காற்றுதான் பாதி கேட்டது.
'மூடியுள்ளது' என்பதை எழுத்தெழுத்தாக அழித்தேன்.
'திறந்துள்ளது.'
தேதி போட்டேன். மணி போட்டேன்.
வாசித்தேன், இன்னொரு முறை வாசித்தேன்.

உடனே தொலைபேசி.
கணவாய் திறந்துவிட்டதா?
பக்கத்தில் போட்டிருக்கிறேனே என்றேன்.
பார்த்தேன், அதில் அப்படித்தான் இருக்கிறது.
நிஜமாகவே திறந்துவிட்டதா?